ஒரு நகர், இரு தலைநகர்

பழைய எருசலேமின் மதில்களுக்கு உட்பட்ட நிலம் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. உதுமானியப் பேரரசர் சுலைமான் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய அம்மதில்களை ஒரு முற்பகலில் சுற்றி வந்துவிடலாம். அவற்றினுள்ளே, ஒன்றின் மணியோசையும் மற்றொன்றின் தொழுகை அழைப்பும் கலந்து கேட்கும் அண்மையில், யூதரின் மேற்குச் சுவரும் கிறித்தவரின் திருக்கல்லறைக் கோயிலும் இஸ்லாமியரின் அல் அக்ஸா பள்ளிவாசலும் நிற்கின்றன. 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலின் தென்பகுதியில் புகுந்து ஏறத்தாழ 1,200 உயிர்களைப் பறித்த ஹமாஸ் இயக்கம், அக்கொடுஞ்செயலுக்குச் சூட்டிய பெயர் ‘அல் அக்ஸா வெள்ளம்’ என்பது. அதற்குப் பின் மூண்ட போரில் காஸாவில் மாண்ட பல்லாயிரவருள் பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையினர். போர் நடந்த களம் காஸா; போருக்கு அழைத்த முழக்கமோ எருசலேம்.

இதை நினைவிற் கொண்டே ஓர் அடிப்படைப் பிழையை இங்குச் சுட்டுகிறோம். 1993இல் ஆஸ்லோ உடன்பாட்டை வகுத்தவர்கள், எல்லை, ஏதிலியர், குடியேற்றங்கள் ஆகியவற்றோடு எருசலேமையும் இறுதிக்கட்டப் பேச்சுக்கு ஒத்திவைத்தனர். எளியவற்றை முதலில் தீர்த்தால் நம்பிக்கை வளரும், அந்நம்பிக்கை அரியதையும் தீர்க்கும் என்பது அவர்கள் கணிப்பு. நடந்தது நேர்மாறு. ஒத்திவைத்த ஒவ்வோர் ஆண்டும் நகரின் நிலவரைவும் மக்கள்தொகையும் மாற்றப்பட்டன. 2000, 2017, 2021, 2023 என நெருப்பு மூண்ட ஒவ்வொரு முறையும் அல் அக்ஸா நிற்கும் குன்றின் பெயரே அதற்கு எண்ணெயாயிற்று. கடைசியில் பேசலாம் என்று விடப்பட்ட வினாவே முதலில் வெடிக்கிறது. ஆகவே எருசலேமைத் தீர்க்காமல் வேறு எதையும் தீர்க்க இயலாது என்பது நம் கருத்து. அத்தீர்வு, எவரும் தனித்து ஆளாத நகராக அதை ஆக்குவதில்தான் உள்ளது.

இரு தரப்பு உரிமைக் கோரிக்கைகளும் மெய்யானவை. இதை ஒப்பாதவர் இவ்வழக்கில் நடுவராக முடியாது. கிறித்துவுக்கு முன் 586இல் பாபிலோனியர் முதல் ஆலயத்தை அழித்தனர். கி.பி. 70இல் ரோமானியத் தளபதி டைட்டஸின் படை இரண்டாம் ஆலயத்தை எரித்தது. அதன்பின் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, யூதர் எந்நாட்டில் வாழ்ந்தாலும் இந்நகரை நோக்கியே நின்று வழிபட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, அதாவது இஸ்ரேல் என்னும் அரசு பிறக்குமுன்பே, நகர மாந்தருள் அவர்களே பெருந்தொகையினராய் இருந்தனர். இஸ்லாமியர்க்கோ இது மக்காவுக்கு முன் தொழுகைத் திசையாய் இருந்த இடம். நபிகளார் விண்ணேற்றம் கண்டதாக அவர்கள் நம்பும் தலம். கலீபா அப்துல் மலிக் கட்டுவித்த பாறைக் குவிமாடம் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் நிறைவுற்றது. சிலுவைப் போராளிகளின் காலம் நீங்கலாக, அங்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தொழுகை நடந்து வருகிறது. பாலத்தீனரின் பற்று சமயத்தோடு முடிவதும் அன்று. அவர்களுள் கிறித்தவரும் உளர். வீடும் கடைத்தெருவும் பள்ளியும் மருத்துவமனையும் மூதாதையர் கல்லறையுமாக அவர்கள் வாழ்ந்த ஊர் அது.

2000ஆம் ஆண்டு கேம்ப் டேவிட் பேச்சில், அக்குன்றில் யூத ஆலயம் இருந்ததையே பாலத்தீனத் தலைவர் யாசர் அராபத் மறுத்தார் என்று அங்கிருந்த அமெரிக்கத் தூதுவர்கள் பதிந்துள்ளனர். மண்ணுக்கடியில் கிடக்கும் கற்களே சான்றாக உள்ள ஒன்றை மறுத்துப் பெறும் உரிமை நிலைக்காது. பாலத்தீனர் என்றொரு மக்களே இல்லை என்று இஸ்ரேல் அமைச்சரவையில் இருப்போர் கூறுவதும் இதே குற்றம். பிறர் வரலாற்றை அழித்துத்தான் தன் வரலாற்றை நிறுவ முடியும் என்று எண்ணுபவன் தன் வரலாற்றையே நம்பாதவன்.

இந்நகரைத் தனித்து ஆண்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை வரலாறு மறைக்கவில்லை. 1099இல் சிலுவைப் படையினர் மதிலை உடைத்து நுழைந்து இஸ்லாமியரையும் யூதரையும் கொன்று குவித்தனர். நம் காலத்திலேயே, 1948ஆம் ஆண்டுப் போரில் பழைய நகரைக் கைப்பற்றிய ஜோர்டான், யூதக் குடியிருப்பிலிருந்து யூதர் அனைவரையும் வெளியேற்றியது. 1949 ஏப்ரலில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, புனிதத் தலங்களுக்குத் தடையின்றிச் செல்லவும் ஒலிவ மலையின் யூத இடுகாட்டைப் பயன்படுத்தவும் வழி செய்ய வேண்டும் என்றது. பதினெட்டு ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. மேற்குச் சுவரின் அருகே ஒரு யூதர்கூட நின்று வழிபட முடியவில்லை. ஒலிவ மலைக் கல்லறைகள் பெயர்க்கப்பட்டன. 1967 சூன் 7ஆம் நாள் இஸ்ரேல் படை பழைய நகரைக் கைப்பற்றியது. அடுத்த சில நாள்களுக்குள், சுவரின் முன்னே விரிந்த வெளி வேண்டும் என்பதற்காக மக்ரபுக் குடியிருப்பின் ஏறத்தாழ 135 வீடுகள் இடிக்கப்பட்டன. சலாவுதீனின் மகன் அறக்கட்டளையாக நிறுவிய அக்குடியிருப்பு எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. வீட்டை விட்டு வெளியேற அங்கிருந்த மக்களுக்குத் தரப்பட்டது சில மணி நேரமே. கொடிகள் மாறின. வென்றவனின் வழிபாட்டுக்குத் தோற்றவனின் வாழ்வு விலையாவது மட்டும் மாறவில்லை.

ஆனால் அதே நகரின் நினைவில் வேறு சில நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் நகரை ஏற்றுக்கொண்ட கலீபா உமர், திருக்கல்லறைக் கோயிலுக்குள் தொழ அழைக்கப்பட்டும் மறுத்து வெளியே தொழுதார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் எழுதுவர். தாம் தொழுத இடம் என்று காட்டிப் பின்வருவோர் அக்கோயிலைப் பள்ளிவாசலாக்கிவிடுவர் என்று அவர் அஞ்சினாராம். வென்றவன் தன் வழித்தோன்றல்களின் வெறியை முன்னுணர்ந்து தன்னையே கட்டுப்படுத்திக்கொண்ட இந்நிகழ்ச்சிக்கு உலக வரலாற்றில் இணை அரிது. 1229இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கும் எகிப்தின் சுல்தான் அல் காமிலும் வாளை உருவாமலே ஓர் உடன்படிக்கை கண்டனர். நகரம் கிறித்தவர் ஆட்சிக்கு வந்தது. அல் அக்ஸாவும் பாறைக் குவிமாடமும் இஸ்லாமியர் பொறுப்பிலேயே தொடர்ந்தன. ஆட்சி ஒருவருக்கு, வழிபாட்டிடம் மற்றவருக்கு என்று பிரித்துப் பார்த்த அறிவு அது. எருசலேமின் கிறித்தவத் தலைமைக் குரு அதைப் பழித்து நகரில் வழிபாட்டையே தடை செய்தார். டமாஸ்கஸ் மக்கள் அதற்காகத் துக்கம் காத்தனர். இரு தரப்புத் தீவிரரும் ஒருங்கே வெறுத்த அந்த உடன்படிக்கை பத்தாண்டுகள் நிலைத்தது.

திருக்கல்லறைக் கோயிலின் நடைமுறையும் இங்குக் கருதத் தக்கது. கிரேக்க மரபினர், லத்தீன் மரபினர், ஆர்மீனியர் ஆகிய மூவரும், சிறு உரிமைகளோடு காப்டியர், சிரியர், எத்தியோப்பியரும் ஒரே கூரையின் கீழ் வழிபடுகின்றனர். 1757, 1852 ஆண்டுகளில் உதுமானிய அரசாணைகள் உறுதி செய்த ‘உள்ளது உள்ளபடி’ என்னும் ஏற்பாடு, எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பது வரை வரையறுக்கிறது. கோயிலின் திறவுகோலைக் காப்பதும் கதவைத் திறப்பதும் தலைமுறை தலைமுறையாக இரு இஸ்லாமியக் குடும்பங்களின் பணி. முகப்பின் சன்னலடியில் சாத்திய மர ஏணி ஒன்றை, எவருக்கும் தனித்து அகற்றும் உரிமை இல்லாமையால், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விட்டு வைத்திருக்கின்றனர். அங்குப் பூசல் இல்லை என்று சொல்லவில்லை. துறவியர் கைகலந்ததும் உண்டு. அன்பினால் நிற்கும் ஏற்பாடு அதுவன்று. எவரும் மிஞ்ச இயலாது என்ற அறிவினால் நிற்பது. இருப்பினும் சிதைந்துகொண்டிருந்த கல்லறை மண்டபத்தை அந்த மூன்று சபையினரும் உடன்பட்டு 2017இல் சீரமைத்து முடித்தனர். உடைமை, காவல், வழிபாடு ஆகியவற்றை வேறு வேறாகப் பிரிக்கலாம், பிரித்தும் நிலைக்கச் செய்யலாம் என்பதை எருசலேம் தனக்குள்ளேயே மெய்ப்பித்து வைத்திருக்கிறது. வெளியூர் அறிஞர் வந்து சொல்ல வேண்டிய பாடமன்று.

உலகம் இதை ஒருமுறை முயன்றது. 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை நிறைவேற்றிய 181ஆம் தீர்மானம், பாலத்தீனத்தை இரு நாடுகளாகப் பிரித்து, எருசலேமையும் பெத்லகேமையும் இரண்டிலும் சேராத தனிப்பகுதியாக்கி, அனைத்துலக ஆட்சியின் கீழ் வைத்தது. பத்தாண்டு கழித்து நகர மக்களின் கருத்தறிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தியா அத்தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. அதற்கு முன் ஐ.நா. ஆய்வுக்குழுவில் ஈரான், யூகோஸ்லாவியா ஆகியவற்றோடு நின்று, எருசலேமைத் தலைநகராகக் கொண்ட ஒரே கூட்டாட்சி அரசை அது முன்மொழிந்திருந்தது. இரண்டு திட்டங்களும் போரில் மடிந்தன. சமரசம் செய்ய வந்த ஐ.நா. தூதர் ஃபோக் பெர்னடாட், 1948 செப்டம்பரில் எருசலேம் தெருவிலேயே யூதத் தீவிரக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றாண்டுக்குப் பின் ஜோர்டான் மன்னர் அப்துல்லா அல் அக்ஸாவின் வாயிலில் பாலத்தீனர் ஒருவரால் கொல்லப்பட்டார். அனைத்துலக ஆட்சியை இஸ்ரேலும் விரும்பவில்லை, ஜோர்டானும் விரும்பவில்லை. பங்கு போட்டுக்கொண்ட இருவரும் அத்திட்டத்தைப் புதைப்பதில் ஒன்றுபட்டனர்.

1967க்குப் பின் நடந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இன்றைய அநீதியின் வேர் அங்கே உள்ளது. ஜோர்டான் ஆட்சியில் கிழக்கு எருசலேம் நகராட்சி ஆறு சதுரக் கிலோமீட்டர் அளவினது. இஸ்ரேல் அதனோடு சுற்றுப்புறச் சிற்றூர்களின் நிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 70 சதுரக் கிலோமீட்டரைத் தன் நகராட்சி எல்லைக்குள் கொண்டுவந்தது. 1980இல் முழு எருசலேமும் தன் தலைநகர் என்று அடிப்படைச் சட்டம் இயற்றியது. பாதுகாப்பு அவை 478ஆம் தீர்மானத்தால் அதைச் செல்லாது என்றது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை, அமெரிக்கா வாக்களிக்காது ஒதுங்கி நின்றது. நிலத்தை இணைத்த அரசு, அந்நிலத்தின் மக்களைக் குடிமக்களாக இணைக்கவில்லை. கிழக்கு எருசலேமின் பாலத்தீனர் பெரும்பாலோர் ‘நிலையான குடியிருப்பாளர்’ என்ற தகுதியில் வைக்கப்பட்டனர். பிறந்த ஊரில் வாழ்வதே அவர்களுக்கு அரசு வழங்கும் இசைவு. வாழ்க்கையின் மையம் எருசலேமில் இருப்பதாக மெய்ப்பிக்கத் தவறினால் அது பறிபோகும். 1967 முதல் இவ்வாறு தகுதி இழந்தோர் 14,000 பேருக்கு மேல். இன்று நகர மக்களில் ஐந்தில் இருவர் அளவுக்குப் பாலத்தீனர் உள்ளனர். கிழக்குப் பகுதியில் குடியேறிய இஸ்ரேலியர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இவற்றினும் நெஞ்சை உறுத்துவது சொத்துரிமைச் சட்டம். 1948இல் கிழக்கு எருசலேமில் வீடிழந்த யூதர், அவ்வீட்டைத் திரும்பப் பெற 1970ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதே போரில் மேற்கு எருசலேமின் தல்பியா, கதமோன், பகா ஆகிய பகுதிகளில் வீடிழந்த பாலத்தீனர்க்கு அவ்வுரிமை இல்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை ‘நீங்கியோர்’ என்று வகைப்படுத்தி, அவர்கள் சொத்தை அரசுப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டது. ஷேக் ஜர்ரா குடியிருப்பின் வழக்கு இந்த முரணில் பிறந்ததே. 1956இல் ஜோர்டான் அரசும் ஐ.நா. ஏதிலியர் நிறுவனமும் 28 ஏதிலிக் குடும்பங்களை அங்குக் குடியமர்த்தின. அந்நிலம் முன்பு யூதருடையது என்று சொல்லி, அக்குடும்பங்களின் வழித்தோன்றல்களை வெளியேற்ற வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவர்கள் குடும்பத்தாரோ 1948இல் வேறிடங்களில் வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள். அவற்றைக் கேட்டு எந்த நீதிமன்றத்தின் வாயிலையும் அவர்களால் தட்ட முடியாது. ஒரே நகர், ஒரே போர், ஒரே இழப்பு. இழந்தவரின் இனத்தைப் பார்த்துத் தீர்ப்பு மாறுகிறது. 2021 மே மாதம் அத்தெருவிலும் அல் அக்ஸாவிலும் மூண்ட கொந்தளிப்பு பதினொரு நாள் போராயிற்று. இதைச் சட்டம் என்று அழைப்பதற்கு நம் நா எழவில்லை.

தீர்வின் வடிவம் புதிதாகக் கண்டறிய வேண்டியதன்று. 2000 டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்க அதிபர் கிளின்டன் முன்வைத்த வரையறைகள், அரபு மக்கள் வாழும் பகுதிகள் பாலத்தீனத்துக்கும் யூதர் வாழும் பகுதிகள் இஸ்ரேலுக்கும் என்ற நெறியைக் கூறின. இஸ்ரேலியரான பெய்லினும் பாலத்தீனரான அபேத் ரப்போவும் 2003இல் வரைந்த ஜெனிவா முன்முயற்சி அதைத் தெருவாரியாக விரித்தது. 2008இல் இஸ்ரேல் தலைமை அமைச்சர் ஓல்மர்ட், புனிதத் தலங்கள் செறிந்த பகுதிமீது எவரும் இறையாண்மை கோராமல், இஸ்ரேல், பாலத்தீனம், ஜோர்டான், சவூதி அரேபியா, அமெரிக்கா ஆகிய ஐவர் பொறுப்பில் விடலாம் என்று பாலத்தீன அதிபர் மகமூது அப்பாசிடம் கூறினார். இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால் பாதை தெளிவு. மேற்கு எருசலேம் இஸ்ரேலின் தலைநகர். கிழக்கு எருசலேம் பாலத்தீனத்தின் தலைநகர். மதிலுக்குட்பட்ட நகரும் அதை ஒட்டிய புனிதத் தலங்களும் கூட்டுப் பொறுப்பில். நகரின் ஊடே சுவரோ முள்வேலியோ இல்லை.

பிரித்த நகர் மீண்டும் 1948ஆம் ஆண்டின் முள்வேலி நகராகும் என்று இஸ்ரேலியர் பலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. பாலத்தீனரின் இரண்டாம் எழுச்சியின்போது (இன்டிஃபாதா) பேருந்துகளிலும் உணவகங்களிலும் குண்டு வெடித்துச் சிதறிய உடல்களைக் கண்ட நகரம் அது. ஆயினும் இறையாண்மையைப் பிரிப்பதும் தெருவைப் பிரிப்பதும் ஒன்றல்ல. ரோமை நோக்குக. 1870இல் இத்தாலிய அரசு ரோமைக் கைப்பற்றியபின், ஐம்பத்தொன்பது ஆண்டுகள் போப்பாண்டவர்கள் தம்மைச் சிறைப்பட்டோராகவே கருதினர். 1929இல் லேட்டரன் உடன்படிக்கை அரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில் தனி அரசு ஒன்றை ஏற்றுக்கொண்டது. இன்று தூய பேதுரு சதுக்கம் வாத்திக்கானுக்கு உரியது. எவரும் தடையின்றி நடந்து நுழையலாம். அங்கே ஒழுங்கு காப்பது இத்தாலியக் காவலர். வாத்திக்கானுக்குத் தன் வீடு கேட்டு நிற்கும் மக்கள் இல்லை, போரின் காயமும் இத்தனை இல்லை என்பது மெய். எருசலேமில் பணி நூறு மடங்கு கடினம். ஆனால் ஒரே நகரில் இரு இறையாண்மைகள் இயல்பாக இருக்க முடியாது என்ற வாதம் ரோமில் நாள்தோறும் பொய்யாகிறது.

அத்தகைய தீர்வு வரும்வரை, அல் அக்ஸா குன்றின் மேலுள்ள ஏற்பாட்டை எவரும் தொடலாகாது. 1967இல் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோசே தயான் அதன் நிருவாகத்தை இஸ்லாமிய வக்பு அமைப்பிடமே விட்டார். இஸ்லாமியர் தொழலாம், பிறர் காணலாம் என்பது நடைமுறை. ஜோர்டானுக்குள்ள சிறப்புப் பொறுப்பை 1994ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கையில் இஸ்ரேலும் ஏற்றது. யூதர் அங்கு ஏறலாகாது என்பது இஸ்ரேல் தலைமை ரபிகளின் நெடுநாள் ஆணையுமாகும். இவ்வளவும் இருக்க, இஸ்ரேலின் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் இதமார் பென் கவீர் 2023 முதல் பலமுறை அங்கே சென்று யூத வழிபாட்டுரிமையை முழங்குவது இறைப்பற்று ஆகாது, தீயோடு விளையாட்டு. 2017 சூலையில் வாயில்களில் உலோகச் சோதனைக் கருவிகளை வைத்தபோது, உள்ளே செல்ல மறுத்துப் பல்லாயிரவர் தெருவில் தொழுதனர். இரு வாரத்துக்குள் அரசு அக்கருவிகளை அகற்ற நேர்ந்தது. ஒரு கருவிக்கே அவ்வளவு எழுச்சி என்றால், வழிபாட்டு முறையையே மாற்ற முயன்றால் விளைவது என்ன என்பதை அவ்வரசு அறியாததன்று.

பாலத்தீனத் தலைமையையும் கேட்க வேண்டியவை உள. 2006க்குப் பின் அங்கு நாடாளுமன்றத் தேர்தல் இல்லை. 2021இல் அறிவித்த தேர்தலைக் கிழக்கு எருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் இசையவில்லை என்று சொல்லி அப்பாஸ் தள்ளிவைத்தார். மக்கள் ஒப்புதல் பெறாத தலைமை, இத்தகைய நகரைப் பங்கிடும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டாலும் அது நிலைக்காது. மேற்குச் சுவரும் அதன் பின்னுள்ள நினைவும் யூதருடையவை என்று அரபு மொழியில், தம் மக்கள் முன், ஒரு பாலத்தீனத் தலைவர் சொல்ல வேண்டும். அச்சொல் பல இஸ்ரேலியரின் நெஞ்சத்தைத் திறக்கும்.

இந்தியா 2017 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவையில், எருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அமெரிக்கா ஏற்றதை ஏற்காத 128 நாடுகளுள் ஒன்றாக வாக்களித்தது. 2025 செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வுக்கான அறிக்கையையும் ஆதரித்தது. இவ்வாக்குகள் சரியானவை, போதாதவை. இஸ்ரேலோடு படைக்கலன் முதல் வேளாண்மை வரை நெருங்கிய உறவு கொண்டுள்ள புதுடெல்லி, அந்த நெருக்கத்தைக் கொண்டு ஷேக் ஜர்ராவின் வீடுகளைப் பற்றியும் குடியிருப்புத் தகுதி பறிப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிரித்தானியா, பிரான்சு, கனடா, ஆஸ்திரேலியா ஆகியன 2025இல் பாலத்தீனத்தை ஏற்றுக்கொண்டன. அப்பாலத்தீனத்தின் தலைநகர் எது என்பதையும் அவை இனிச் சொல்லியாக வேண்டும்.

பெரிய உடன்படிக்கைக்கு இரு தரப்பும் ஆயத்தமாக இல்லை என்பதை அறிவோம். ஆனால் அதற்குக் காத்திராமலே இஸ்ரேல் செய்யக் கூடியன மூன்று உண்டு. கிழக்கு எருசலேமில் பிறந்தவரின் வாழிட உரிமையைப் பறிப்பதை இன்றே நிறுத்தலாம். ஷேக் ஜர்ராவிலும் சில்வான் குடியிருப்பிலும் நிலுவையிலுள்ள வெளியேற்றங்களைக் கைவிடலாம். 1950, 1970 ஆண்டுகளின் சட்டங்களைத் திருத்தி, 1948இல் வீடிழந்தவர் யூதரானாலும் அரபியரானாலும் ஒரே நெறியில் இழப்பீடு பெறச் செய்யலாம். இவற்றுக்கு வாஷிங்டனின் இசைவு வேண்டா, ரமல்லாவின் கையெழுத்து வேண்டா. இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை போதும். அந்த நாடாளுமன்றம் கூடும் கட்டடம் எருசலேமிலேயே உள்ளது. அங்கிருந்தே இத்திருத்தம் தொடங்க வேண்டும் என்று கோருகிறோம்.